இரும்பு முறமும் இரண்டு குதிரைகளும்

குறுமணியாற்றுக் கரைக்குள் புதைக்கப்பட்ட மூன்றாம் நாள், உச்சி வெயிலில், பஸ்ராவும் ரேசமும் வேலைக்கு வந்தன. வந்தன என்றுதான் சொல்ல வேண்டும். கண்ணுக்குத் தெரிந்தது அவை இழுத்துவந்த இரும்பு முறம் மட்டும்தான். மண்குழி ஓரத்தில் கவிழ்ந்து கிடந்த அது மெல்லப் புரண்டு நிமிர்ந்தது, அதன் முன்பக்கச் சங்கிலிகள் இரண்டும் தரையை விட்டு எழுந்து ஆள் இடுப்பு உயரத்தில் விறைத்து நின்றன, சங்கிலிகளுக்கு முன்னால் ஒன்றுமே இல்லாத இடத்தில் இரண்டு பெரிய பிராணிகள் மூக்கைச் சீறும் சத்தம் கேட்டது, பிறகு முறம் மண்ணைக் கீறிக்கொண்டு கரையைப் பார்த்து நகர்ந்தது.

முதலில் பார்த்தவள் ஓபுளம்மா. தலையில் கூடையோடு எதிரே வந்துகொண்டிருந்தாள், அவளுக்குப் பின்னால் பதினாலு பெண்கள் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக வந்துகொண்டிருந்தார்கள். அவள் நின்றாள். இரண்டு எட்டு இடப்பக்கம் விலகினாள். பின்னால் வந்தவர்களும் ஒன்றும் கேட்காமல் அப்படியே விலகினார்கள். முறம் அவர்களைக் கடந்து போனபோது குதிரை வேர்வையின் புளித்த வாடை முகத்தில் அடித்தது, ஈரமில்லாத மண்ணில் குளம்புத் தடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, யாரோ கிண்ணத்தைக் கவிழ்த்துக் கவிழ்த்து அமுக்குவது போலப் பதிந்துகொண்டே போயின.

"வந்துருச்சா அக்கா?" என்று பின்னால் நின்ற நரசம்மா கேட்டாள்.

"வந்துருச்சு," என்றாள் ஓபுளம்மா. "வரிசையை விடாம நட."

அந்தக் குதிரைகளை அவளுக்குப் பிடிக்காது. ஓபுளம்மாவின் கூட்டம் ஊர் ஊராகப் போய் மண் வேலை செய்து பிழைக்கும் கூட்டம். கிணறு தோண்ட வேண்டுமா, குளம் தூர்வார வேண்டுமா, ரயில் போக மேடு போட வேண்டுமா, எங்கே மண்ணை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்ற வேண்டுமோ அங்கே போய்ப் புல்குடிசை போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். தொப்பம்பாளையத்துக்கு மேற்கே ஆற்றை மறித்து ஏரி கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஆண்கள் வெட்டினார்கள், பெண்கள் சுமந்தார்கள், ஓபுளம்மாவின் புருஷன் திம்மையனும் இன்னும் சிலரும் திமிசுக்கட்டையால் கொட்டிய மண்ணை இடித்து இறுக்கினார்கள். ஆற்றின் இரண்டு பக்கமிருந்தும் கரை வளர்ந்து வந்தது. நடுவில் ஆறு ஓடுகிற இடத்தில் மட்டும் ஒரு வாய் விட்டிருந்தார்கள், அதைக் கடைசியில், ஐப்பசி மழைக்கு முன்னால், அடைக்க வேண்டும்.

மூன்றாவது கோடையில் கான்டிராக்டர் அந்த இரண்டு குதிரைகளையும் அனுப்பி வைத்தார். கடல் தாண்டி ஏதோ ஒரு தேசத்தில் பிறந்து, கப்பலேறிப் பட்டாளத்துக்கு வந்து, சண்டை முடிந்ததும் வேண்டாமென்று பெங்களூரில் ஏலம் விடப்பட்டவை. நம் ஊர் ஜட்கா மட்டங்களைப் போல இரண்டு மடங்கு. அவற்றோடு பக்கீர் ராவுத்தர் என்ற குதிரைக்காரர் வந்தார். பஸ்ராவில் பட்டாளத்துக் குதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அந்த ஊர்ப் பெயரையே ஒன்றுக்கு வைத்திருந்தார். மற்றது பெண் குதிரை, தோல் பட்டுப் போல இருந்ததால் ரேசம். கூடவே வந்ததுதான் அந்த இரும்புச் சாமான். அதற்கு இங்கிலீஷில் ஏதோ பெயர் சொன்னார் ஓவர்சியர் தாமோதரம். பெண்கள் பார்த்த மாத்திரத்தில் முறம் என்றார்கள், அதுவே பெயராகிவிட்டது. அரிசி புடைக்கிற முறத்தையே கட்டில் அகலத்துக்கு இரும்பில் அடித்தது போல இருக்கும். பின்னால் இரண்டு மரக் கைப்பிடி. ஏரால் உழுதுவிட்ட மண்ணில் அதைக் குதிரை இழுக்கும்போது கைப்பிடியைக் கொஞ்சம் தூக்கினால் முன் உதடு மண்ணைக் கவ்வும், அமுக்கினால் நிறைந்த மண்ணோடு வழுக்கிக்கொண்டே போகும், கரைமேல் போய் ஓங்கித் தூக்கினால் தலைகுப்புறக் கவிழ்ந்து கொட்டிவிடும். பதினைந்து பெண்கள் ஒரு நடை சுமப்பதை அது ஒரே நடையில் கொண்டுபோனது. முப்பது பேர் இருந்த கூடை வரிசை அந்த மாதமே பதினைந்தாயிற்று.

அதுகூடப் பரவாயில்லை. ஆடி மாதம் குதிரைகளுக்குக் காய்ச்சல் வந்தது, பெரிய ஈ கடித்து வருகிற காய்ச்சல், வயிறும் காலும் வீங்கிக் கண்ணில் நீர் வடிந்தது. கான்டிராக்டர் டவுனிலிருந்து குதிரை டாக்டரை வண்டி வைத்து அனுப்பினார். அதே வாரம் ஓபுளம்மாவின் மகள் கங்கிக்கும் காய்ச்சல், நாலு வயசு. ஓபுளம்மா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு லாயத்து வாசலில் போய் நின்றாள். டாக்டர் நல்ல மனுஷன்தான், பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், "நான் மிருகத்துக்குத்தானம்மா பார்ப்பேன், எனக்கு வேற தெரியாது," என்றார், சொல்லும்போது அவர் குரல் இறங்கியிருந்தது. மூன்று நாளில் குதிரைகள் எழுந்துவிட்டன. கங்கி எழவில்லை. ஆற்றோரத் திட்டில், கூட்டத்தின் செத்தவர்கள் ஒன்பது பேருக்கு நடுவில், அவளைப் புதைத்தார்கள்.

புரட்டாசியில் காய்ச்சல் திரும்பி வந்தது. இந்த முறை ஓவர்சியர் குதிரைகளை நிறுத்தவில்லை. மழைக்கு முன் வாயை அடைத்தாக வேண்டும் என்று மேலேயிருந்து நெருக்கினார்கள், அவர் ராவுத்தரை நெருக்கினார். ஒரு நாள் உச்சிப் பொழுதில், கரைமேல் ஏறி மண்ணைக் கொட்டிய கையோடு, இரண்டும் முன்கால் மடங்கி விழுந்தன. வாரைக் கையில் சுற்றிப் பிடித்திருந்த ராவுத்தரின் இரண்டு மணிக்கட்டும் ஒடிந்தன. விழுந்து கிடந்தபடியே அவர் கத்தினார்: "கழுத்து வளையத்தை அவுத்துவிடுங்க! யாராச்சும் வந்து அவுத்துவிடுங்க!"

பக்கத்தில் இருந்தவள் ஓபுளம்மா. நாலு எட்டு. கையில் காலிக் கூடை. ராவுத்தர் அவளைப் பார்த்துத்தான் கத்தினார், அவளுக்குத் தெரியும். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். குதிரைகள் நிழல் ஒரு சாண் நகரும்வரை மூச்சு வாங்கின, தோல் பட்டையும் கழுத்து வளையமும் இறுக்கியபடியே அடங்கின. இழுத்துக்கொண்டுபோய்ப் புதைக்க ஆளுமில்லை நேரமுமில்லை என்று ஓவர்சியர் முறத்தை மட்டும் கழற்றச் சொல்லிவிட்டு, விழுந்த இடத்திலேயே மண்ணைக் கொட்டச் சொன்னார். முதல் கூடையைக் கொட்டியது ஓபுளம்மா. திம்மையனின் ஆட்கள் அதன்மேல் ஏறித் திமிசு போட்டார்கள்.

மூன்றாம் நாள் அவை வேலைக்கு வந்தன.

ஓவர்சியர் தாமோதரம் குடை பிடித்துக்கொண்டு வந்து பார்த்தார். சங்கிலி போகிற திசையைப் பார்த்தார், குனிந்து ஒரு குளம்புத் தடத்தில் விரலை வைத்துப் பார்த்தார், கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "கைப்பிடி பிடிக்க ஆள் போடுங்க. முறம் சும்மா போய்ச் சும்மா வருது பாரு," என்றார். கூடைக்காரிகள் கரையின் இடப்பக்கம் ஏறி இடப்பக்கமே இறங்க வேண்டும், வலப்பக்கம் முறத்துக்கு என்று ஒரு கயிறு கட்டச் சொன்னார். இரண்டே நாளில் அது பழகிப்போயிற்று. பெண்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நடந்தார்கள், அந்தப் பக்கம் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து மூச்சுக் காற்று வந்து அவர்களுடைய முந்தானையை அசைத்தது. வெயிலுக்கு இதமாக இருக்கிறது என்றுகூட ஒருத்தி சொன்னாள்.

கைப்பிடி பிடித்தவர்களுக்குத்தான் கஷ்டம். முதல் நாள் பிடித்தவன் சாயங்காலம் கைப்பிடியை விட்ட பிறகும் அவன் கால்கள் நடப்பதை விடவில்லை. குடிசையைச் சுற்றினான், அடுப்பைச் சுற்றினான், சாப்பிட உட்கார வைத்தால் உட்கார்ந்தபடியே கால் மண்ணைத் தேய்த்தது. அவன் பெண்டாட்டி இடுப்பில் கயிறு கட்டிக் கருங்கல்லில் பிணைத்தாள். இரண்டாமவனுக்கும் அப்படியே, மூன்றாமவனுக்கும் அப்படியே. ஒவ்வொருவனுக்கும் அது தீர நாலு நாள் பிடித்தது. நாலாவதாக ஒருவனும் வரவில்லை.

இதற்குள் செய்தி தொப்பம்பாளையத்துக்குள் போய்விட்டிருந்தது. பொங்கியண்ணக் கவுண்டருக்கு ஊருக்கு வடக்கே ஒரு சோளக்காடு உண்டு, நடுவில் ஆமை முதுகு போல ஒரு மேடு, அவர் அப்பா காலத்திலிருந்து வெட்டியும் தீராத மேடு. அவர் ஒரு கூடை ஊறவைத்த கொள்ளோடு வந்தார். முறத்துக்கு முன்னால் கொள்ளை நீட்டிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்தார், சங்கிலிகள் அவர் பின்னால் போயின, கரையை விட்டு இறங்கின, வண்டித்தடத்தில் நடந்தன. அங்கே முறம் கைப்பிடியில் ஆளில்லாமலே மண்ணைக் கவ்விற்று, இரண்டு நாளில் மேடு தரையாயிற்று. மூன்றாம் நாள் ஊரில் பாதிப் பேர் கொள்ளோடு நின்றார்கள்.

"ஏனுங்க கவுண்டரே, இது சர்க்கார் வேலைக்கு வந்த குதிரைங்க," என்றார் ஓவர்சியர்.

"செத்ததுக்கப்புறமும் சர்க்காருக்கேவா ஒழைக்கோணும்? எங்களுக்கும் ரெண்டு நாளைக்கு ஒழைக்கட்டுமுங்," என்றார் கவுண்டர்.

கொள்ளு குறையவில்லை. ஒவ்வொரு கூடையிலும் மேல் கொள்ளு நுரையால் நனைந்திருக்கும், நக்கிப் பார்த்த அடையாளம் இருக்கும், ஆனால் ஒரு மணி குறையாது. அதைக் கோழிகளுக்குப் போட்டார்கள். கோழிகள் கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கின. அந்தக் குதிரைகள் சமன் செய்த காடுகளில் விதைத்த சோளம் மற்ற இடத்தைவிடச் சீக்கிரம் முளைத்தது. முளைத்த பயிரெல்லாம், காற்றே இல்லாத நாளிலும், கரை இருந்த பக்கமாகவே சாய்ந்து நின்றது. ஊர்க்காரர்கள் அதையும் ஏற்றுக்கொண்டார்கள். ஒரே பக்கம் சாய்ந்தால் அறுக்கச் சுலபம் என்றார்கள்.

பிறகு ஒரு நாள் கொள்ளு காட்டுகிறவனைக் குதிரைகள் கண்டுகொள்ளவில்லை. பிடிக்க ஆளில்லாத முறம், தானே குதித்துத் தானே கவ்வி, இழுத்த இழுப்புக்குப் போயிற்று. வண்டித்தடத்தை வெட்டிக்கொண்டு போயிற்று. கவுண்டரின் களத்தைச் சுரண்டிக்கொண்டு போயிற்று. ஒரு மாட்டுக் கொட்டகையின் சுவரைத் தூக்கிக்கொண்டுபோய்க் கரைமேல் கொட்டியது, அந்த மண்ணில் மாடு கட்டும் முளைக்குச்சிகூட இருந்தது. வெயில் ஏறும்போது ஆரம்பித்துப் பொழுது சாயும்வரை. பொழுது சாய்ந்தால் நின்ற இடத்தில் நிற்கும். மறுநாள் அங்கிருந்தே ஆரம்பிக்கும். ஜனங்கள் காலையில் எழுந்ததும் முறம் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்துச் சாமான்களை வேறு பக்கம் மாற்றி வைத்தார்கள். அடுப்பை மாற்றினார்கள், தொழுவத்தை மாற்றினார்கள், ஒரு வீட்டில் பிரசவித்தவளைப் பிள்ளையோடு கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டுபோய் அடுத்த தெருவில் விட்டார்கள். யாரும் கூச்சல் போடவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும்போல என்று எல்லோரும் நடந்துகொண்டார்கள், அதுதான் பயங்கரமாக இருந்தது ஓபுளம்மாவுக்கு.

ஐப்பசி பிறந்து நாலாம் நாள் முறம் ஆற்றோரத் திட்டைப் பார்த்துத் திரும்பி நின்றது. அன்று மத்தியானம் பத்துக் குழிகளில் முதல் குழியின் தலைமாட்டுக் கல் வரைக்கும் வந்துவிட்டது. கங்கியின் குழி ஆறாவது.

ஓபுளம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தொப்பம்பாளையத்துக்கு நடந்தாள். கவுண்டரின் பருத்திக் கொட்டகையில் ராவுத்தர் படுத்திருந்தார், இரண்டு கையிலும் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது. ஜுரம் அன்றுதான் இறங்கியிருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்து உட்கார முயன்றார், முடியவில்லை.

"எப்படி நிறுத்துறது?" என்று வாசலிலேயே நின்று கேட்டாள்.

"அன்னிக்கு அவுக்கச் சொன்னேன், தங்கச்சி."

"அவுத்திருந்தா பொழச்சிருக்குமா?"

"இல்ல. செத்திருக்கும்." ராவுத்தர் கூரையைப் பார்த்தார். "செத்து, செத்ததாவே இருந்திருக்கும். அதுங்களுக்கு வேற ஒண்ணும் தெரியாதும்மா. கழுத்துல வளையம் இருந்தா வேலை நேரம், வளையம் எறங்கினா வேலை முடிஞ்சுது. வளையம் இன்னும் எறங்கல."

அவள் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். "என் பிள்ளைக்குப் பார்க்க ஆளில்லாத வாரத்துல அதுங்களுக்கு டாக்டர் வந்தாரு," என்றாள்.

"தெரியும். நானும் அங்கதான் நின்னேன்." 

"நீங்க போய் அவுக்க முடியாதா?"

அவர் கட்டுப்போட்ட கைகளைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினார். "விரல் மடங்கல. வேற யாரு கேட்டாலும் சொல்லித் தரேன்னுதான் சொன்னேன், யாரும் கேக்கல. முறம் எங்க மோதும்னுதான் கேட்டாங்க."

அவள் கேட்டாள், அவர் சொல்லித் தந்தார். முதலில் கைப்பிடியைப் பிடித்தாக வேண்டும், கை படாமல் அவை நிற்காது. முறம் நிறைந்திருக்கும்போது அவிழ்க்கக் கூடாது. ஒரு நடை முடிந்து மண்ணைக் கொட்டிய பிறகுதான் நிற்கும். இரண்டு பக்கச் சங்கிலிக் கொக்கி, பிறகு வயிற்றுப் பட்டை, கடைசியில் கழுத்து வளையம். வளையத்தை அப்படியே இழுத்தால் தலை வழியாக வராது, தலைகீழாகத் திருப்பினால்தான் வரும். பஸ்ரா இடப்பக்கம், அதற்கு இடது காது கேட்காது, வலப்பக்கமாகப் பேச வேண்டும். "கண்ணுக்குத் தெரியாதே, எப்படின்னு யோசிக்காத. கையை வெச்சா இருக்கும்," என்றார்.

மறுநாள் விடியும்போதே மேற்கு மலையில் மழை இறங்கியிருந்தது. ஓபுளம்மா திட்டுக்கு வந்தபோது ஆறு கரைவாயில் முழங்கால் உயரத்துக்குச் செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மண்குழிகள் மூன்றும் தண்ணீர் நிறைந்து குட்டைகளாகிவிட்டன. அடைக்காத வாய் பதினைந்து முழம் அகலம். அதற்குள் வெள்ளம் வந்தால் வாயின் இரண்டு ஓரத்தையும் கரைத்துக்கொண்டு, மூன்று வருஷத்துக் கரையையும் அடித்துக்கொண்டு, கீழே இருக்கிற குடிசைகளையும் தொப்பம்பாளையத்தையும் வாரிக்கொண்டு போகும். எல்லோரும் கரையில் நின்றார்கள். ஓவர்சியர் குடை இல்லாமல் நனைந்துகொண்டு நின்றார்.

"மண் எங்கே எடுக்கிறது?" என்று அவர் கேட்டார். சுற்றிலும் தண்ணீருக்கு மேலே நின்ற மண் அந்தத் திட்டு ஒன்றுதான். வாயிலிருந்து நூறு எட்டுகூட இல்லை. அதன் ஓரத்தில், மழையில் பளபளத்துக்கொண்டு, முறம் நின்றது. சங்கிலிகள் எழுந்து விறைத்தன.

ஓபுளம்மா குழிகளை விட்டு முறத்தைத் திருப்பி, ஒரே ஒரு நடை நடத்தி, அவிழ்த்துவிடத்தான் வந்திருந்தாள். கைப்பிடியைப் பிடித்தாள். பச்சை மரம் போல ஈரமாகவும் சூடாகவும் இருந்தது, உள்ளே யாருடைய நாடியோ அடித்தது. அவள் ஆற்றைப் பார்த்தாள். தண்ணீர் முழங்காலிலிருந்து தொடைக்கு வந்துவிட்டது.

திம்மையன் திட்டின் மேல் ஏறி ஆறாவது குழிக்கு முன்னால் வந்து நின்றான்.

"இங்க கங்கி இருக்கா."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"அந்தக் குடிசைங்கள்ல ஒம்பது பிள்ளைங்க இருக்கு," என்றாள் ஓபுளம்மா. "எண்ணிட்டுத்தான் வந்தேன். நகரு."

அவன் நகரவில்லை. அவள் அவனை அவசரப்படுத்தவும் இல்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றாள், சங்கிலிகளும் விறைத்தபடி அவளோடு நின்றன. பிறகு அவனே விலகினான். கீழே இறங்கிப் போய்த் திமிசுக்கட்டையை எடுத்துக்கொண்டு கரைவாயில் நின்றான்.

"ஹே பஸ்ரா. ஹே ரேசம்," என்றாள் ஓபுளம்மா.

முதல் குழியை எடுத்தாள், இரண்டாவதை எடுத்தாள். கைப்பிடியைத் தூக்க உதடு கவ்வியது, அமுக்க வழுக்கியது, வாயின் ஓரத்தில் போய்த் தூக்கியதும் கவிழ்ந்தது. திம்மையனின் ஆட்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று இடித்தார்கள். ஒவ்வொரு நடைக்கும் பெண்கள் செத்தவர்களின் பெயரைச் சொன்னார்கள், மண் இறங்கும்போது பெயரும் இறங்கட்டும் என்று நரசம்மா ஆரம்பித்து வைத்தது. ஆறாவது குழிக்கு வந்தபோது ஓபுளம்மா கைப்பிடியை வழக்கத்தைவிட அதிகமாகத் தூக்கினாள், உதடு ஆழமாக இறங்கி எல்லாவற்றையும் ஒன்றாக, எதுவும் சிந்தாமல், எடுத்துக்கொண்டது. அந்த ஒரு நடைக்கு அவள் மெதுவாக நடந்தாள். அவள் சொல்லாமலே குதிரைகளும் மெதுவாக நடந்தன. குளம்புத் தடங்கள் ஒன்றுக்கொன்று நெருங்கி, தூளி சுமக்கிறவர்களின் தடம் போலப் பதிந்தன. வாயின் நட்டநடுவில், தண்ணீர் அதிகம் இழுக்கிற இடத்தில், ஓங்கிக் கவிழ்க்காமல் கைப்பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி மண்ணை இறக்கினாள்.

"கங்கி," என்றான் திம்மையன், திமிசை அதன்மேல் போடாமல் காலால் மட்டும் மிதித்தான்.

உச்சிப் பொழுதுக்கு வாய் அடைபட்டது. அதற்குப் பிறகும் நிறுத்த முடியவில்லை, அடைத்த இடம் உயர வேண்டும். திட்டு முழுவதும் போய் ஆற்று மட்டத்துக்கு வரும்வரை எடுத்தாள். தண்ணீர் கரையில் மோதித் திரும்பி, மேற்கே விரிய ஆரம்பித்தபோது ஓவர்சியர் கரைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஓபுளம்மா கடைசி நடையைக் கொட்டினாள். கைப்பிடியை விட்டாள். அவள் கால்கள் நடக்கத் தொடங்கின. அவளுக்கு அது தெரிந்திருந்தது. கால்களை அவற்றின் போக்கில் விட்டு, சங்கிலி வழியாகவே, கையை வைத்துத் தடவிக்கொண்டே முன்னால் நடந்தாள். சங்கிலி முடிந்த இடத்தில் கொக்கி இருந்தது. அதற்குப் பிறகு தோல் பட்டை, அதற்குப் பிறகு ஈரமான ரோமம், அதற்குள் ஏறி இறங்கும் பெரிய விலா. கொக்கிகளைக் கழற்றினாள். குனிந்து வயிற்றுப் பட்டையைத் தேடி எடுத்தாள். கழுத்து வளையத்தில் கை வைத்தபோது அதன் விளிம்புக்குக் கீழே விரல் வழுக்கியது. புண். உள்ளங்கை அகலத்துக்கு, தோல் உரிந்து, சதை தெரியும் அளவுக்குப் பழைய புண். நாலு எட்டுத் தூரத்தில் இருந்து மாதக்கணக்கில் பார்த்தும் அவளுக்கு இது தெரியாது.

"இருடா," என்று வலது காதுப் பக்கமாகச் சொன்னாள். "இரு. போதும். முடிஞ்சுது."

வளையத்தைத் தலைகீழாகத் திருப்பித் தலை வழியாக எடுத்தாள். அவள் கையில் அதன் கனம் ஒரு கணம் இருந்தது, பிறகு இல்லை. ரேசத்துக்கும் அப்படியே. இரண்டாவது வளையம் இறங்கியதும் அவள் கால்கள் நின்றன.

ராவுத்தர் யாரோ ஒருவர் தோளில் சாய்ந்துகொண்டு கரைமேல் வந்து சேர்ந்திருந்தார். குளம்புத் தடங்கள் இரண்டு வரிசையாகக் கரையின் உள்பக்கச் சரிவில் இறங்குவதை எல்லோரும் பார்த்தார்கள். தண்ணீர் ஓரத்தில் தடங்கள் நின்றன. பிறகு சத்தம் கேட்டது: நீளமாக, நிறுத்தி நிறுத்தி, பெரிய பிராணி உறிஞ்சிக் குடிக்கும் சத்தம். தண்ணீர் மேல் இரண்டு இடத்தில் வட்டம் வட்டமாக விரிந்தது.

"வேலை முடிஞ்சா முதல்ல அதுதான்," என்றார் ராவுத்தர். 

ஓபுளம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எவ்வளவு குடிக்கும்?"

"மத்த நாள்னா ஆளுக்கு மூணு குடம். இன்னிக்கு எனக்குத் தெரியல."

குடித்து முடிக்கும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை. பிறகு சத்தம் நின்றது, வட்டங்கள் அடங்கின, வேறெந்தத் தடமும் அங்கிருந்து எந்தப் பக்கமும் போகவில்லை.

ஏரி அந்த வருஷமே நிறைந்தது. கரை இன்றுவரை கசிந்ததில்லை. தை மாதம் கூட்டம் புல்குடிசைகளைப் பிரித்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போயிற்று, அது ஒரு ரயில்மேடு, அங்கே ஆறு முறமும் ஆறு ஜோடிக் குதிரையும் இருந்தன, கைப்பிடி பிடிக்கத் தெரிந்தவர்கள் யார் என்று கேட்டபோது கூடை வரிசையிலிருந்து ஓபுளம்மா முன்னால் வந்தாள். பொம்பளையா என்று சிரித்தவர்கள் அவள் ஒரு நடை போட்டதும் சிரிப்பதை நிறுத்தினார்கள். அவள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள், உச்சிப் பொழுதில் எல்லாக் குதிரைக்கும் கழுத்து வளையத்தை இறக்க வேண்டும், எவ்வளவு அவசரமானாலும். அந்த நேரத்தில் அவளே வரிசையாகப் போய் ஒவ்வொன்றின் கழுத்திலும் கையை விட்டுப் பார்ப்பாள்.

முப்பது வருஷத்துக்கு மேல் அந்த வேலையைச் செய்தாள். குதிரைகள் போய் அந்த இடத்துக்குப் புல்டோசர் வந்தபோது அவளுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. முதல் நாள் வேலை முடிந்து, டிரைவர் இறங்கித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான், எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது. கிழவி ஒருத்தி அந்த மஞ்சள் இரும்பைச் சுற்றிச் சுற்றி வந்து, அங்கங்கே தொட்டுப் பார்ப்பதைக் கண்டு, "என்னம்மா தேடுற?" என்று கேட்டான்.

"இதை எங்கப்பா அவுக்கிறது?"

அவன் சிரித்துக்கொண்டே மேலே ஏறி எஞ்சினை அணைத்தான். வேலையிடம் முழுக்க அமைதியாயிற்று. ஓபுளம்மா கையை எடுக்கவில்லை. சூடான இரும்பின் மேல் உள்ளங்கையை வைத்து, அது ஆறும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.